எஞ்சின் எண் 2782223

தேவிபட்டினத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே இடதுகால் செருப்பின் வார் அறுந்துவிட்டது. இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தார்ச்சாலையை விட்டு இறங்கி ஓரத்து மண்ணில் நடந்தேன். ஆடிக் காற்று கருவேலங்காட்டுப் புழுதியை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. திருப்பாலைக்குடியை விட்டு விடியும்போதே கிளம்பியிருந்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பஸ்கள் தாண்டிப் போயின, கை காட்டவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

யோசிப்பதற்கு ஒரே ஓர் எண்தான் இருந்தது. இருபத்தேழு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து இருநூற்று இருபத்து மூன்று. நான் வேலை பார்த்த நண்டுப் படகின் எஞ்சினில், டீசல் டேங்குக்குக் கீழே பித்தளைத் தகட்டில் அடித்திருந்த எண் அது. அது எதனாலும் வகுபடாது என்று நம்பித்தான் அந்தப் படகின் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் பிரியாமல் ஒன்றாகத் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். வகுபடும் என்பது முந்தின நாள் காலையில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் நடந்துகொண்டிருந்தேன்.

நான் கடற்கரைக்காரன் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் மழையை நம்பி விதைக்கும் ஊர். பதினொன்றாம் வகுப்புப் பாதியில் என்னைப் பெற்ற அய்யா கரிமூட்டத்துக்குக் கூட்டிப் போனார். கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, தீ வைத்துவிட்டுப் புகையின் நிறம் மாறும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. தலை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கரி ஏற்ற வரும் லாரிகளின் எண்களை வகுத்துப் பார்க்கத் தொடங்கினேன். பிறகு திருப்பூர், லாரி கிளீனர் வேலை, தூத்துக்குடி உப்பளம், இடையில் ஒரு செங்கல் சூளை. எங்கேயும் நிலைக்கவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஓர் இடம் பழகியதும் கால் வேறு பக்கம் திரும்பிவிடும். வகுக்கும் பழக்கம் மட்டும் எல்லா ஊருக்கும் கூடவே வந்தது.

திருப்பாலைக்குடிப் படகு மாமன் மச்சான் முறைக்காரர்கள் இருவருக்குச் சொந்தம். பெரியவர் கட்டையான ஆள், சத்தமாகப் பேசுவார். சின்னவர் பெரியவரின் தங்கச்சி மாப்பிள்ளை. மெதுவாகப் பேசுவார், ஆனால் விடமாட்டார். நான் அந்தப் படகில் கூலிக்கு வலை இழுக்கச் சேர்ந்த நேரத்தில், பழைய எஞ்சின் பழுதாகி, மண்டபம் ஊரில் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த எஞ்சினைப் பெரியவர் வாங்கிவந்திருந்தார். கரையில் இறக்கியதும் சின்னவர் தகட்டைத் துணியால் துடைத்து, எண்ணைக் கூட்டிப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். சிம் கார்டு, பைக், படகு, எதுவானாலும் முதலில் எண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் ஏழும் ஒன்பது, எட்டு சேர்த்துப் பதினேழு, மூன்று இரண்டுகளும் ஒரு மூன்றும் சேர்ந்தால் இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு.

"எட்டு மச்சான்," என்றார் சின்னவர். "எட்டு வேணாம்."

"ஏன், கடல்ல கெடக்குற நண்டு நம்பரப் பாக்குமாக்கும்? ஓடுனாச் சரி."

"போன வருசம் மேலத்தெரு ஆளு எட்டுல பைக் எடுத்து என்ன ஆனாருன்னு தெரியும்ல."

"குடிச்சிட்டு ஓட்டுனாரு மாப்ள. எட்டா ஊத்திக் குடுத்துச்சு?"

இப்படியே நாள்கள் போயின. மற்ற படகுகள் கடலுக்குப் போய் வந்தன. எங்கள் படகு மணலில் கிடந்தது. படகு கிடந்தால் எனக்குக் கூலி இல்லை. ஆகவே நான் தகட்டின் முன்னால் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். இரண்டால் போகவில்லை, மூன்றால் போகவில்லை. ஏழு, பதினொன்று, பதிமூன்று, எதிலும் போகவில்லை. நாற்பத்து மூன்று வரை பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் பாத்ததுல இது எதாலயும் வகுபடல அண்ணே. பகா எண் மாதிரி இருக்கு" என்றேன்.

பகா எண் என்றால் என்ன என்று பெரியவர் கேட்டார். அவருக்குத் தெரிந்த கணக்கிலேயே சொன்னேன். வீட்டில் கறிவைக்கக் கொண்டுபோகும் மீனை அந்தப் படகில் கூறு வைத்துப் பிரிப்பார்கள். ஒருவர் திரும்பி நின்றுகொள்வார். இன்னொருவர் ஒரு கூற்றைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஆளைச் சொல்வார். கூறுகள் சமமாக இருக்க வேண்டும், மிஞ்சுவது கோயிலுக்கு.

"இம்புட்டு மீன ரெண்டு பேருக்குக் கூறு வச்சா ஒண்ணு மிஞ்சும். மூணு பேருன்னா ரெண்டு மிஞ்சும். ஏழு பேருன்னா மூணு. எத்தன பேரு வந்தாலும் சமமாக் கூறு விழாது."

பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா மாப்ள! பிரியாத நம்பரு."

"எட்டா இருந்தாலுமா?"

"எட்டு, கூட்டுனா வருது. இது பிரிச்சா வர மாட்டேங்குது. கூட்டுறவனா குடும்பத்தக் கெடுக்குறான்? பிரிக்கிறவன்தான கெடுக்குறான்?"

சின்னவர் தகட்டை இன்னொரு தடவை துடைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் எஞ்சினைப் படகில் ஏற்றினார்கள். 'இதுவரைக்கும் பாத்ததுல' என்று நான் தொடங்கியதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குக் 'கணக்கு' என்று பேர் விழுந்தது. பக்கத்துப் படகுக்காரர்கூட ஒருநாள் தன் பைக் எண்ணைச் சொல்லிப் பார்க்கச் சொன்னார்.

"அது ரெட்டப்படை அண்ணே. ரெண்டால போகும்."

"ரெண்டாலன்னா, எம் பொண்டாட்டி போயிருவாளா?"

"அதுக்கெல்லாம் நான் பொறுப்பில்லண்ணே."

"போனாத் தேவல. அதுக்குத்தான் கேட்டேன்," என்றார். கரையில் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த எண்ணை நான் விடவில்லை. போகும்போதும் வரும்போதும் எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்து ஐஸ் பெட்டி மூடியில் சாக்பீஸால் வகுப்பேன். போனில் தட்டினால் உடனே தெரிந்துவிடும் என்று எனக்கும் தெரியும். விடை அல்ல, தலைக்கு வேலைதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆயிரத்து எழுநூறுக்கு மேல் போக வேண்டியதில்லை. ஆயிரத்து எழுநூறை அதே எண்ணால் பெருக்கினால் இருபத்தெட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. பெரிய எண் ஒன்றால் வகுபடுமானால், அதற்கு ஜோடியான சின்ன எண் ஆயிரத்து எழுநூறுக்குள் எப்படியும் அகப்பட்டுவிடும். இது பள்ளிக்கூடத்தில் கற்றதா, கரிமூட்டத்தில் நானாகக் கண்டதா என்று இப்போது நினைவில்லை. ஆகவே பகா எண்களை மட்டும் எடுத்து, கீழிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறினேன். காற்று பலமாக இருந்த நாளில் ஒன்றுகூட முடியாது. அமைதியான நாளில் மூன்று நான்கு முடியும்.

சின்னவரின் மனைவி, அதாவது பெரியவரின் தங்கச்சி, கரையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றுவார். எனக்கும் அந்த வீட்டில்தான் சோறு. மதினி என்று கூப்பிடுவேன். சாக்பீஸ் கறை படிந்த என் விரல்களை ஒருநாள் கவனித்துவிட்டார்.

"இன்னும் அதயேதான் போட்டுக்கிட்டு இருக்கீகளா தம்பி? வகுபடாதுன்னு சொன்னீகளே."

"இன்னும் முடியல மதினி. பாதிதான் வந்திருக்கேன்."

அவர் கை நின்றுவிட்டது. நண்டுக் கொடுக்கு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக்கூட உதறவில்லை.

"அப்ப வகுபட்டாலும் படும்?"

"பட்டாலும் படும்."

அன்றுதான் அவர் தன் வீட்டு விஷயத்தைச் சொன்னார். முன்பு ஒரு தடவை இரண்டு பேரும் ஒரு வலைக்காகச் சண்டை போட்டுப் பிரிந்து, மூத்த பெண்ணின் காதுகுத்துக்குப் பெரியவர் வரவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல், தூரத்து உறவில் ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்தினார்கள். ஊர் சிரித்தது. இப்போது சின்னப் பெண்ணுக்கு வருகிற ஆவணியில் காதுகுத்து.

"அந்த எஞ்சின் வந்த பெறகுதான் ரெண்டு பேரும் ஒரு தட்டுல கை வைக்கிறாக. சண்ட வந்தாலும் நம்பரு பிரியாதுன்னு சொல்லிச் சொல்லியே அடங்கிக்கிறாக. அந்தக் கணக்க முடிச்சிராதீக தம்பி."

சரி என்றுதான் சொன்னேன். இரண்டு நாள் சாக்பீஸைத் தொடவும் இல்லை. மூன்றாவது நாள் கடல் அமைதியாக இருந்தது, கை தானாகப் போனது. இதை நியாயப்படுத்த எனக்கு ஒன்றும் இல்லை. சிலர் பீடியை விட மாட்டார்கள், அது மாதிரி.

ஆடி பிறந்த பிறகு ஆயிரத்து அறுநூற்று அறுபத்து மூன்றை முடித்தேன். இருபத்து நான்கு மீதி. ஆயிரத்து எழுநூறுக்குள் இன்னும் விரல் விட்டு எண்ணும் அளவுதான் பாக்கி. எல்லாவற்றையும் தாண்டிவிட்டால், நான் முதலில் சொன்னதே உண்மை ஆகிவிடும், மதினிக்கும் நிம்மதி என்று நினைத்தேன். மறுநாள் காலை வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது ஆயிரத்து அறுநூற்று அறுபத்து ஏழை எடுத்தேன். முதலில் ஒன்று. மீதி ஆயிரத்து நூற்றுப் பதினைந்து. பிறகு ஆறு. பிறகும் ஆறு. மீதி ஆயிரத்து ஐந்நூறு. கடைசி மூன்றை இறக்கினால் பதினைந்தாயிரத்து மூன்று. ஒன்பது தடவை ஆயிரத்து அறுநூற்று அறுபத்து ஏழும் பதினைந்தாயிரத்து மூன்று.

மீதி பூஜ்ஜியம்.

பெருக்கிப் பார்த்தேன். 1667, 1669. சரியாக வந்தது. ஈரக் கையால் மூடியைத் துடைத்துவிட்டேன்.

"என்னலே கணக்கு, மூஞ்சி செத்துப் போச்சு?" என்று பின்னாலிருந்து பெரியவர் கத்தினார்.

"பசிக்குதுண்ணே."

அன்று சாயங்காலமே சண்டை வந்தது. நண்டு வலையை விட்டுவிட்டு, இருவரும் ஆளுக்கொரு விசைப்படகில் கூலிக்குப் போகலாம், படகை விற்றுவிடலாம் என்று சின்னவர் சொன்னார். பெரியவர் வலைக்கட்டை எட்டி உதைத்தார். மதினி வாசலிலேயே நின்றார். வழக்கம்போலப் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, எம் மாப்ளைக்கு நீயே சொல்லு. நம்பரு பிரியுமா?"

மதினி என்னைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தார்.

"நேத்து வரைக்கும் பிரியலண்ணே," என்றேன்.

"நேத்து வரைக்குமாம்! பயலுக்கு நக்கலப் பாரு," என்று பெரியவர் சிரித்தார். சின்னவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை அத்தோடு நின்றது. உண்மையில் நேற்று வரைக்கும் பிரியவில்லைதான். ஆனால் அடுத்த சண்டையில் மறுபடி கேட்பார்கள். பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை நான். முதலாளிகளிடம், போலீஸ்காரர்களிடம், வீட்டு வாடகை கேட்டு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். ஓர் எண்ணைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. அதைப் புதிதாகத் தொடங்க அலுப்பாக இருந்தது. கேட்கும் இடத்தில் நான் இல்லாவிட்டால் பொய்யும் வேண்டாம், உண்மையும் வேண்டாம். விடியும்போது பையை எடுத்தேன்.

நடக்கும்போதுதான் அந்த இரண்டு எண்களும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று தோன்றியது. இரண்டுமே பகா எண்கள். இடையில் ஒரே ஓர் எண்தான், 1668. அதை அதனாலேயே பெருக்கினால் என்ன வரும் என்று, காலில் முள் குத்தாமல் பார்த்துக்கொண்டே போட்டுப் பார்த்தேன். 2782224. எங்கள் எஞ்சின் எண்ணைவிட ஒன்று கூடுதல்.

ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அந்த எண்ணோடு முதல் நாளே ஒன்றைக் கூட்டியிருந்தால், அது 1668-இன் வர்க்கம் என்று தெரிந்திருக்கும், அதற்கு ஒன்று கீழும் ஒன்று மேலுமாக ஜோடியும் உடனே விழுந்திருக்கும். நான் அடியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறினேன். அதுவோ கூரைக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருந்தது. உப்புத் தண்ணீரில் கை வெடிக்க வெடிக்கப் போட்ட அத்தனை கணக்குக்கும் ஒரு கூட்டல் போதுமாக இருந்தது. கோபம் வரவில்லை, கால்தான் வலித்தது.

உட்கார்ந்த இடத்தில், இப்படி இரண்டு வித்தியாசத்தில் நிற்கும் இன்னும் சில பகா எண் ஜோடிகளைப் பெருக்கிப் பார்த்தேன். ஐந்தையும் ஏழையும் பெருக்கினால் முப்பத்தைந்து, அதன் இலக்கங்களைக் கூட்டினால் எட்டு. பதினொன்றும் பதிமூன்றும் நூற்று நாற்பத்து மூன்று, கூட்டினால் எட்டு. பதினேழும் பத்தொன்பதும் முந்நூற்று இருபத்து மூன்று, எட்டு. மூன்றும் ஐந்தும் மட்டும் ஒத்துவரவில்லை. மற்றபடி எதை எடுத்தாலும் எட்டு. ஏன் என்பது புரிய ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பகா எண்கள் இப்படி ஒன்றை விட்டு ஒன்று நின்றால், நடுவில் நிற்பது இரட்டை எண்ணாகத்தான் இருக்கும். அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று மூன்றால் போக வேண்டும். ஓரத்து இரண்டும் போகாது, ஆகவே நடுவில் இருப்பதுதான் போகும். மூன்றால் போகும் எண்ணை அதனாலேயே பெருக்கினால் ஒன்பதால் போகும். ஒன்பதால் போவதைக் கூட்டினால் ஒன்பது வரும். அதில் ஒன்றைக் குறைத்தால் எட்டு.

ஆக, சின்னவர் துணியால் துடைத்துப் பார்த்த எட்டும், நான் ஐஸ் பெட்டி மேல் கண்ட பிரிவும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள். எட்டு வருகிற எண் எல்லாம் இப்படிப் பிரியும் என்று இல்லை. ஆனால் இப்படிப் பிரிகிற எண் எல்லாம் எட்டாகத்தான் இருக்கும். இதைச் சின்னவரிடம் சொன்னால் 'நான் அன்னைக்கே சொன்னேன்ல' என்பார். எண்ணுக்கு எஞ்சினும் தெரியாது, மச்சானும் தெரியாது. அதை எப்படி அவருக்குச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தேவிபட்டினத்தில் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி நடந்தபோது போன் அடித்தது. மதினி.

"தம்பி, ஒங்க சோறு அப்படியே இருக்கு. எங்கன இருக்கீக?"

"தேவிபட்டினம் தாண்டிட்டேன் மதினி."

"அப்ப முடிச்சிட்டீக."

"முடிச்சிட்டேன்."

"எத்தனையாப் போகுது?"

"ரெண்டாத்தான். வேற எப்படியும் போகாது. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ரெண்டே ரெண்டுதான் வித்தியாசம்."

"அது சரி. எங்க அண்ணனும் ஒங்க அண்ணனும் அந்த அளவுதான். அதுல யாரு பெரிய ஆளுன்னுதான அடிச்சிக்கிறாக." சிரித்தார். பிறகு, "கேட்டா என்ன சொல்ல?"

"ஊருக்குப் போயிட்டான்னு சொல்லுங்க."

"எந்த ஊருன்னு கேப்பாக."

"ஏதோ ஒரு ஊரு."

"ஆவணி வரைக்கும் தாங்குனாப் போதும் தம்பி. காத மட்டும் குத்திட்டா, பெறகு அவுக பாடு." போனை வைத்துவிட்டார்.

ராமநாதபுரம் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. அங்கிருந்து தேங்காய் ஏற்றப் போகும் ஒரு காலி வேன்காரர் உச்சிப்புளிவரை ஏற்றிக்கொண்டார். தோப்புக்குள் ஒரு தேங்காய்க் களத்தில் ஆள் தேவை என்று அவர்தான் சொன்னார். அன்றைக்கு அங்கேயே மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

காலையில் களத்துக்காரர் வந்தார். கடைசியாக எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டு, பெரியவரின் எண்ணை வாங்கி அங்கேயே போன் போட்டார். முன்பின் தெரியாத ஆளைச் சேர்ப்பதென்றால் அப்படித்தான் விசாரிப்பார்கள். ஸ்பீக்கரில் போட்டார். எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது.

"ஆமாய்யா, நம்ம பயதான்," என்று பெரியவர் கத்தினார். "சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான். களவாணி இல்ல, தைரியமாச் சேத்துக்கங்க. காலுதான் நிக்காது."

"வேல செய்வானா?"

"செய்வான். கணக்குல பெரிய ஆளு. எங்க எஞ்சின் நம்பரு எதாலயும் பிரியாதுன்னு கண்டுபிடிச்சதே அவன்தான்."

பின்னாலிருந்து சின்னவரின் குரல் வந்தது. "மச்சான், காதுகுத்துக்கு வரச்சொல்லுங்க அவன."

"கேட்டீகளா? எம் மாப்ள கூப்புடுறாரு. எம் மடியில வச்சுத்தான் குத்துறோம். ஆவணியில வந்து சேரச் சொல்லுங்க."

களத்துக்காரர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கணக்கு வருமா? காய் எண்ணி லாரில ஏத்தி விட ஒரு ஆளு வேணும். நெழல்ல வேல."

"மட்ட உரிக்கிறேன்ணே."

"வெயில்ல கெடக்கணும்யா."

"பரவால்ல."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, மட்டை உரிக்க மண்ணில் நட்டிருந்த கூரான கம்பிகளில் ஆள் இல்லாத ஒன்றைக் காட்டினார். முதல் காய் கம்பியில் பிடிக்காமல் நழுவி ஓடியது. இரண்டாவதைக் குத்தித் திருப்பியபோது, நண்டுக் கொடுக்கு கிழித்திருந்த இடங்களில் மட்டைச் சாறு பட்டு எரிந்தது. பக்கத்துக் கம்பியில் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார்.

"தோளக் குடுக்காதய்யா. இடுப்பக் குடு."

இடுப்பைக் கொடுத்தேன். மட்டை கிழிந்து வந்தது.